கால் முளைத்த பள்ளிக்கூடம்!

800 ஆண்டுகளாகச் சந்தை கூடும் ஆங்கில ஊர்

இங்கிலாந்து நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதற்குக் கால்கள் உண்டு!

தடித்த மரத்தூண்கள்தான் அந்தக் கால்கள். தூண்களுக்கு மேலே ஒரு மாடி. மாடியில் ஒரே ஓர் அறை. கூரை செங்குத்தாக இறங்குகிறது. கீழே சுவரும் கிடையாது, கதவும் கிடையாது. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடலாம்.

ஏன் இப்படிக் கட்டினார்கள்? காரணம் சுவையானது. மாடியில் பையன்கள் பாடம் படிக்க வேண்டும். அதே நேரத்தில் கீழே பெண்கள் வெண்ணெய் விற்க வேண்டும்! பள்ளிக்கூடத்துக்காகச் சந்தை இடம் பெயரக் கூடாது. சந்தைக்காகப் பள்ளிக்கூடமும் ஊருக்கு வெளியே போகக் கூடாது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று கட்டினார்கள்.

இந்தக் கட்டிடம் இருக்கும் ஊரின் பெயர் மார்க்கெட் ஹார்பரோ. பெரிய ஊர் அல்ல. மக்கள்தொகை ஏறத்தாழ 25 ஆயிரம். அரண்மனை கிடையாது. கடற்கரை கிடையாது. உலக அதிசயம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு சின்ன ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் இங்கே அவசியம் போகவேண்டும்.

பெயரிலேயே சந்தை

லண்டன் நகருக்கு வடக்கே 80 மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் இந்த ஊர் இருக்கிறது. லெஸ்டர் நகரில் இருந்து 15 மைல். வெல்லண்டு என்ற சிறு ஆறு ஊருக்குள் ஓடுகிறது. சுற்றிலும் மேடும் பள்ளமுமான பசும்புல் நிலம். ஆடும் மாடும் கொழுக்கும் நிலம்.

ஹார்பரோ என்றால் "ஓட்ஸ் விளையும் குன்று" என்று பொருள் கூறுகிறார்கள். "மார்க்கெட்" என்பது சந்தை. ஆக, ஊரின் பெயரிலேயே சந்தை இருக்கிறது!

1204-ம் ஆண்டிலேயே இங்கே சந்தை கூடியது. 1221-ம் ஆண்டு முதல் செவ்வாய்க்கிழமை சந்தை நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ அரசர்கள் வந்தார்கள்; போனார்கள். கொள்ளை நோய் வந்தது. உள்நாட்டுப் போர் வந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் மாறவில்லை. இன்றும் அது சந்தை நாள்தான். இப்போது வேறு நாட்களிலும் சந்தை நடக்கிறது.

ஊரின் பெரிய தெருவைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு சிறிய ஊருக்கு இவ்வளவு அகலமான தெருவா? அதற்கும் சந்தைதான் காரணம். அந்தக் காலத்தில் ஆடு, மாடுகளைத் தெருவிலேயே நிறுத்தி விற்றார்கள். "ஆட்டுச் சந்தை" என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கால்நடை விற்பனை தெருவை விட்டுத் தனி இடத்துக்குப் போயிற்று.

அகலமான தெரு இருந்ததால் லண்டனுக்குப் போகும் குதிரை வண்டிகளும் இங்கே நின்றன. பயணிகள் தங்க விடுதிகள் எழுந்தன. அவற்றில் ஒன்று "மூன்று அன்னங்கள்" விடுதி. இரும்பைக் கம்பியாக வளைத்துச் செய்த அழகான பெயர்ப் பலகை அதன் முன்னே தொங்குகிறது.

ஏழைப் பையன் கட்டிய பள்ளி

பள்ளிக்கூடத்தைக் கட்டியவர் யார்? அவர் பெயர் ராபர்ட் சுமித். இதே ஊரில் பிறந்தவர். பிழைப்புக்காக லண்டனுக்குப் போனார். அங்கே படிப்படியாக உயர்ந்தார். லண்டன் நகராட்சியில் பெரிய பதவிக்கு வந்தார்.

பணமும் பதவியும் வந்தபின் பலர் பிறந்த ஊரை மறந்துவிடுவார்கள். சுமித் மறக்கவில்லை. ஊர்ப் பையன்கள் படிப்பதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நினைத்தார். 1614-ம் ஆண்டில் கட்டிடம் எழுந்தது.

ஆனால் இடம்? ஊரின் நடுவில் சந்தை. சந்தை கூடும் இடத்தில் பள்ளிக்கூடம் கட்டினால், வெண்ணெயும் முட்டையும் கொண்டுவரும் பெண்கள் எங்கே போவார்கள்? இங்கிலாந்தில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கூடையை வைத்துக்கொண்டு நனைந்தபடி நிற்க வேண்டும்.

அதனால்தான் தூண்கள்! மழை வந்தால் சந்தைக்காரர்கள் நனையாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பள்ளிக்கூடத்தின் தரை, சந்தையின் கூரை ஆயிற்று. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

கீழே விலை பேசும் சத்தம். மேலே இலக்கணம் ஒப்பிக்கும் சத்தம். 19-ம் நூற்றாண்டின் இறுதி வரை அந்த மாடி அறை பள்ளிக்கூடமாகவே இருந்தது. பிள்ளைகள் பெருகி, இடம் போதாமல் போனபிறகுதான் பள்ளி வேறு இடத்துக்குப் போயிற்று.

உப்புக்குள் புகுந்து பார்த்தவர்

அந்த ஒற்றை அறையில் படித்த ஒரு பையன் உலகப் புகழ் பெற்றான்.

அவன் பெயர் வில்லியம் ஹென்றி பிராக். 1862-ம் ஆண்டில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தான். 7 வயதில் தாயை இழந்தான். தந்தையின் சகோதரர் ஒருவர் மார்க்கெட் ஹார்பரோவில் மருந்துக் கடை வைத்திருந்தார். அவர் பையனை அழைத்துவந்து வளர்த்தார். கால் முளைத்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

தாய் இல்லாத அந்தப் பையன் பிற்காலத்தில் பெரிய விஞ்ஞானி ஆனார். அவரும் அவருடைய மகன் லாரன்ஸ் பிராக்கும் சேர்ந்து ஓர் அரிய ஆராய்ச்சி செய்தார்கள்.

டாக்டர்கள் எலும்பைப் படம் பிடிக்கப் பயன்படுத்தும் எக்ஸ்ரே கதிரை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதிரை உப்புக் கல் போன்ற படிகங்களின் மேல் பாய்ச்சினார்கள். கதிர் எந்தெந்தத் திசையில் திரும்பி வருகிறது என்று அளந்தார்கள். அதைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் உள்ளே எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்!

நாம் சாப்பிடும் சாதாரண உப்புக்குள் சோடியமும் குளோரினும் மாறிமாறி வரிசையாக நிற்கின்றன. இது உலகத்துக்குத் தெரிந்தது இவர்களால்தான்.

1915-ம் ஆண்டில் தந்தை, மகன் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அப்போது மகனுக்கு வயது 25.

அந்த விதை சென்னையிலும் முளைத்தது. தமிழ்நாட்டில் கல்லூரிப் படிப்பை முடித்த விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன், லாரன்ஸ் பிராக் தலைமை வகித்த கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடத்தில் பயின்றவர். 1954-ம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, நம் உடம்பின் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் "கொலாஜன்" என்ற பொருளின் அமைப்பைக் கண்டுபிடித்தார். மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருப்பதை எக்ஸ்ரே கதிர்தான் அவருக்குக் காட்டியது.

ராஜா தோற்ற நாள்

பள்ளிக்கூடத்தின் அருகிலேயே புனித டயனீசியஸ் தேவாலயம் இருக்கிறது. அதன் கோபுரம் தெருவில் இருந்தே எழும்பி, கூராக வானத்தில் நிற்கிறது. ஆங்கில நாட்டுப் பழைய தேவாலயங்களைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம் இருப்பது வழக்கம். இங்கே அது இல்லை. தேவாலயத்தைச் சுற்றிலும் தெருவும் கடையும்தான்!

இந்தத் தேவாலயம் ஒருநாள் சிறைச்சாலை ஆயிற்று.

1645-ம் ஆண்டு. இங்கிலாந்தில் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர். அரசர் முதலாம் சார்லசின் படை மார்க்கெட் ஹார்பரோவில் வந்து தங்கியது. ஜூன் 14-ந் தேதி, ஊருக்குச் சில மைல் தெற்கே நேஸ்பி என்ற இடத்தில் சண்டை நடந்தது. ஒரே காலையில் அரசரின் படை சிதறிப்போயிற்று.

பிடிபட்ட வீரர்களைக் கொண்டுவந்து தேவாலயத்தில் அடைத்தார்கள். பாராளுமன்றப் படையின் தளபதிகளில் ஒருவரான ஆலிவர் கிராம்வெல், வெற்றிச் செய்தியைச் சபாநாயகருக்கு எழுதினார். அந்தக் கடிதம் எழுதப்பட்ட ஊர் மார்க்கெட் ஹார்பரோதான்.

நான்கு ஆண்டுகளுக்குள் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. நாட்டின் தலைவிதியே மாறிவிட்டது. ஆனால் சந்தை? அது மறுபடியும் கூடியது. ராஜா இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வெண்ணெய் வேண்டும் அல்லவா?

15 மைல் நடந்த தச்சர்

ஆதாம்-ஏவாள் தெரு! இப்படி ஒரு தெருவும் இந்த ஊரில் இருக்கிறது. 1830-ம் ஆண்டுகளில் அந்தத் தெருவில் ஒரு தச்சர் வாழ்ந்தார். மரச் சாமான்கள் செய்வது அவர் தொழில். பெயர் தாமஸ் குக்.

குடி குடியைக் கெடுக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தவர் அவர். 1841-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒருநாள், மதுவிலக்குக் கூட்டத்துக்காக லெஸ்டர் நகருக்குப் புறப்பட்டார். வண்டியில் அல்ல. கால்நடையாக! தூரம் 15 மைல்.

நடந்து போகும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்போதுதான் ரெயில் வந்த புதிது. "ஒரு ரெயிலை முழுவதும் வாடகைக்குப் பேசி, மக்களை மொத்தமாக மதுவிலக்குக் கூட்டத்துக்கு அழைத்துப் போனால் என்ன?" என்பதே அந்த யோசனை.

அடுத்த மாதம், ஜூலை 5-ந் தேதி, அது நடந்தது. லெஸ்டரில் இருந்து லாப்பரோ என்ற ஊருக்கு ரெயில் புறப்பட்டது. ஏறத்தாழ 500 பேர் அதில் போனார்கள். ஒருவருக்குக் கட்டணம் 1 ஷில்லிங்.

இதில் இருந்துதான் பெரிய சுற்றுலாத் தொழில் வளர்ந்தது. குக் லெஸ்டர் நகரில் குடியேறினார். மக்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். எகிப்துக்கு அழைத்துப் போனார். 1872-ம் ஆண்டில் ஒரு குழுவோடு உலகத்தையே சுற்றப் புறப்பட்டார்.

அவர் பெயரில் இயங்கிய பிரிட்டிஷ் கம்பெனி 2019-ம் ஆண்டு செப்டம்பரில் நொடித்துப்போயிற்று. வெளிநாடுகளில் சிக்கிக்கொண்ட ஏறத்தாழ 1½ லட்சம் பேரைப் பிரிட்டிஷ் அரசாங்கமே அழைத்துவர நேர்ந்தது. உலகம் முழுவதும் கிளை பரப்பிய கம்பெனி மூடப்பட்டது. தச்சர் புறப்பட்ட சின்ன ஊரில் கடைகள் வழக்கம்போலத் திறந்தன.

இடுப்பை இறுக்கிய தொழிற்சாலை

பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் எதிரே, செங்கல்லால் கட்டிய பெரிய கட்டிடம் ஒன்று இருக்கிறது. 1889-ம் ஆண்டில் எழுந்த தொழிற்சாலை அது. அங்கே தைத்தது என்ன தெரியுமா? "கார்செட்" என்ற பெண்கள் உள்ளாடை!

அந்தக் காலத்து ஆங்கிலச் சீமாட்டிகளுக்கு இடுப்பு சிறுத்திருக்க வேண்டும். அதற்காகத் திமிங்கிலத்தின் வாயில் இருந்து எடுத்த பட்டைகளையும், எஃகுப் பட்டைகளையும் துணிக்குள் வைத்துத் தைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். மூச்சு விடுவதே கடினம். நாகரிகத்துக்காகப் பட்ட பாடு இது!

சைமிங்டன் என்ற குடும்பத்தார் இந்தத் தொழிலை நடத்தினார்கள். தையல் இயந்திரம் வந்ததும் தொழில் பெருகியது. அந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை பட்டாணி மாவும் சூப்பும் தயாரித்தது. ஊர்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் தையல் வேலைக்குப் போனார்கள். மாதச் செலவுக்கு வழி பிறந்தது.

பிறகு காலம் மாறியது. இறுக்கிக் கட்டுவது உடம்புக்குக் கெடுதல் என்று பெண்கள் உணர்ந்தார்கள். கம்பெனி என்ன செய்தது? முரண்டு பிடிக்கவில்லை. 1908-ம் ஆண்டில், எஃகுப் பட்டை இல்லாத, மெத்தென்ற துணிச் சட்டை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. "விடுதலைச் சட்டை" என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தது. குளிருக்கு இதமான அந்தச் சட்டையை அணிந்தே பல தலைமுறைச் சிறுமிகள் வளர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அதே கம்பெனி பாராசூட்டுகளையும் தைத்தது.

அந்தத் தொழிலும் ஒருநாள் முடிந்தது. ஆனால் கட்டிடத்தை இடிக்கவில்லை. பூட்டியும் போடவில்லை. இன்று அதற்குள் நகராட்சி அலுவலகம் இருக்கிறது. நூலகம் இருக்கிறது. அருங்காட்சியகமும் இருக்கிறது. தாய்மார்கள் தையல் வேலைக்குப் போன படிகளில், பிள்ளைகள் புத்தகம் எடுக்கப் போகிறார்கள்.

மலை ஏறும் படகு

1809-ம் ஆண்டில் கால்வாய் ஒன்று இந்த ஊரை எட்டியது. நிலக்கரியும் தானியமும் படகில் வந்தன. அந்தக் கால்வாய் ஓரமாக 5 மைலுக்குச் சற்று அதிகமாக நடந்தால் பாக்ஸ்டன் என்ற இடம் வரும். அங்கே படகு மலை ஏறுகிறது!

குன்றின் சரிவில் படிக்கட்டுப் போல 10 நீர்த்தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் கனத்த மரக்கதவு. படகு கீழ்த்தொட்டிக்குள் நுழைந்ததும் கதவை மூடுவார்கள். தண்ணீர் நிரம்பும். படகு மிதந்து உயரும். அடுத்த கதவு திறக்கும். இப்படி ஒவ்வொரு படியாக 75 அடி உயரம் ஏறிவிடுகிறது. முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். தண்ணீர் விடும் மடைகளுக்குச் சிவப்பு, வெள்ளை என்று நிறம் அடித்திருக்கிறார்கள். முதலில் சிவப்பு, பிறகு வெள்ளை. மாற்றித் திறந்தால் வெள்ளம்தான்!

இதைக் கட்டி முடித்தது 1814-ம் ஆண்டில். "இது மெதுவாக இருக்கிறது" என்று 1900-ம் ஆண்டில் பக்கத்திலேயே ஒரு நீராவி இயந்திரம் வைத்தார்கள். படகுகளைத் தொட்டியோடு தூக்கிச் சரிவில் இழுக்கும் இயந்திரம் அது. 12 நிமிடத்தில் வேலை முடிந்தது. எல்லோரும் வியந்தார்கள்.

ஆனால் சரக்குகள் ரெயிலுக்குப் போய்விட்டன. படகுகள் குறைந்தன. கொதிகலனுக்குப் போடும் கரிக்குக் கூட வருமானம் கட்டவில்லை. 11 ஆண்டுகளில் இயந்திரம் நின்றது. 1928-ல் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று!

கையால் தள்ளித் திறக்கும் பழைய மரக்கதவுகள் இன்றும் வேலை செய்கின்றன. உல்லாசப் படகுகள் ஏறுகின்றன, இறங்குகின்றன. பிள்ளைகள் கரையில் நின்று கைதட்டுகிறார்கள்.

தொழில் போனது, ஊர் நின்றது

கணக்குப் பார்த்தால் இந்த ஊர் இழந்தவை எத்தனை! ரெயில் வந்ததும் குதிரை வண்டி போயிற்று. கால்வாய்ச் சரக்கு போயிற்று. கார்செட் போயிற்று. மாட்டுச் சந்தை நடந்த இடத்தில் இன்று கடைகள் நிற்கின்றன. ஒவ்வொன்று போனபோதும், "இனி இந்த ஊர் அவ்வளவுதான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பியே பிழைத்த குடும்பங்கள் கலங்கியிருக்கும்.

ஊர் அழியவில்லை. காரணம் என்ன? ஒரே தொழிலை நம்பி அது இருக்கவில்லை. வாங்கவும் விற்கவும் மக்கள் கூடும் இடம் என்ற ஒன்றை மட்டும் விடாமல் காத்தது. பழையது பயன்படாமல் போனால், அதற்குப் புது வேலை கொடுத்தது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு

லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் ரெயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மார்க்கெட் ஹார்பரோ. நிலையத்தில் இருந்து ஊர் நடுவுக்கு நடந்தே போய்விடலாம். செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போவது நல்லது. சந்தைக்கு இப்போது தனிக் கூடம் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் "ஸ்டில்டன்" என்ற பாலாடைக்கட்டி புகழ் பெற்றது. உள்ளே நீல நிறத்தில் நரம்பு ஓடியிருக்கும். லெஸ்டர், டார்பி, நாட்டிங்காம் ஆகிய 3 மாவட்டங்களில் செய்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று சட்டமே இருக்கிறது. வாடை சற்றுத் தூக்கலாக இருக்கும். முதலில் கொஞ்சமாக வாங்குவது புத்திசாலித்தனம்!

கையில் குடை இருக்கட்டும். மறந்து போனாலும் கவலை இல்லை. 1614-ம் ஆண்டிலேயே ஒருவர் அதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார்.